மூணு லைன் போட்டாத்தான் ஓடும்

போன டிசம்பரில் எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் வைத்த கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கு போடும் வேலை என் தலையில் விழுந்தது. மின்னியாபொலிஸில் டிசம்பர் என்றால் சாயங்காலம் நாலரைக்கே சூரியன் கடையைக் கட்டிவிடுவார். வெளியே மைனஸ் பதினைந்து. ஆணி பிடுங்கும் வேலையும் குறைவான மாதம். "நீதான் வீட்டில் சோல்டரிங் எல்லாம் பண்ணுவியாமே" என்று மேலாளர் ஆரம்பித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இரண்டு சனி ஞாயிறு காலி.

500 எல்ஈடி, ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, கொஞ்சம் பைத்தான். மரம் முழுக்க வெளிச்சம் சுருள் சுருளாக ஓடும், நிறம் மாறும், உச்சியில் இருக்கும் நட்சத்திரம் மூச்சு விடுகிற மாதிரி கூடிக் குறையும். போட்டுக் காட்டியபோது நல்ல கைதட்டல். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் கிட்டே வந்து கேட்டாள், "இப்படி ஓட வைக்கறதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"யூட்யூப்" என்றேன்.

பொய். சுத்தமான, தேவையே இல்லாத பொய்.

வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "அப்ப மேஸ்திரி பேரைச் சொல்லலையா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

எங்கள் ஊர் சித்தூர். 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உண்டாக்கிய மாவட்டம். அப்புறம் ஆந்திரா பக்கம் போனது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும் ஒரே வாக்கியத்தில். 1980-களின் கடைசியில், நான் எட்டாவது படிக்கும்போது, லீவு நாட்களில் ஒரு சீரியல் செட்காரரிடம் எடுபிடியாக இருந்தேன். ஊரே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அந்தக் காலத்துத் திருவிழா லைட் போர்டு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூங்கில் சட்டத்தில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன பல்பு. அதில் சங்கு சக்கரத்தோடு வெங்கடாசலபதி, சிங்கத்தின் மேல் அம்மன், தோகை விரிக்கும் மயில். சக்கரம் சுற்றும், தோகை விரியும், மேலேயிருந்து பூ கொட்டும். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்குப் போனால், கருட சேவை பார்க்கிற கூட்டத்துக்குச் சமமாக இந்த லைட்டைப் பார்த்து வாய் பிளக்கிற கூட்டமும் இருக்கும். காணிப்பாக்கத்தில் பிள்ளையாருக்கு 21 நாள் உற்சவம். மே மாதத்தில் திருப்பதியிலும் சித்தூரிலும் கங்கம்மா ஜாத்திரை. டிசம்பரில் சர்ச். மேஸ்திரிக்கு எல்லா சாமியும் ஒன்றுதான், எல்லாம் பன்னிரண்டு லைன், பதினாறு லைன் :-)

இதையெல்லாம் ஓட்டியது எது? கம்ப்யூட்டரா? ஐசி கூட கிடையாது. ரோலர்.

ஒரு அடிக்கு மேல் நீளமான மர உருளை. சுற்றிலும் வளையம் வளையமாகத் தடம். எந்த நேரத்தில் விளக்கு எரிய வேண்டுமோ அந்த இடத்தில் செம்புத் தகடு வெட்டி ஆணி அடித்திருக்கும். எரியக்கூடாத இடத்தில் வெறும் மரம். ஒவ்வொரு தடத்தின் மேலும் ஒரு பித்தளைப் பட்டை உரசிக்கொண்டே நிற்கும். அந்தப் பட்டையிலிருந்து ஒரு வயர், ஒரு வரிசை பல்புக்கு. உருளையை ஒரு சின்ன மோட்டார் சுற்றும். வேகம் குறைக்க சைக்கிள் ரிம்மும் கயிறும். உருளை ஒரு சுற்று சுற்றினால் ஒரு காட்சி முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. நாம் 'லூப்' என்று எழுதுகிறோமே, அது அங்கே கண் முன்னால், நீலப்பொறி பறக்க, கருகிய வாசனையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "ரெண்டு லைன் போட்டா மினுக்கும். மூணு லைன் போட்டாத்தான் ஓடும்."

யோசித்துப் பாருங்கள். பல்புகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு வரிசையாகப் பிரித்து மாற்றி மாற்றி எரியவிட்டால், வெளிச்சம் இடது பக்கம் போகிறதா வலது பக்கம் போகிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது. வெறும் மினுமினுப்பு. 1, 4, 7 ஒரு லைன், 2, 5, 8 இன்னொரு லைன், 3, 6, 9 மூன்றாவது லைன் என்று பிரித்து, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக எரிய விட்டால் உடனே ஓட்டம் பிறக்கும். திசை என்ற ஒன்று வருவதற்குக் குறைந்தது மூன்று வேண்டும்.

திசையை மாற்ற வேண்டுமா? ஏதாவது இரண்டு லைனை மட்டும் இடம் மாற்றினால் போதும். "போர் மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தினா என்ன பண்றோம்? ரெண்டு ஃபேஸை மாத்திக் குடுக்கறோம் இல்ல? அதேதாண்டா" என்பார். எங்கள் ஊர் போர்வெல் ஊர். மூன்று ஃபேஸ் மோட்டாரைப் பற்றித் தெரியாத ஆளே கிடையாது. அதை எடுத்து இங்கே பொருத்திப் பார்த்தார் பாருங்கள், அந்த மூளைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நான் பின்னால் இன்ஜினியரிங் படிக்கும்போது மூன்று ஃபேஸ் சுழலும் காந்தப்புலம் என்று வாத்தியார் கரும்பலகையில் அம்புக்குறி போட்டார். வகுப்பே விழித்தது. எனக்கு மட்டும் பெருமாள் கைச் சக்கரம் கண்ணில் வந்து நின்றது.

இப்போது ஒரு அமெரிக்கக் கதை. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைத்தார். மின்விளக்கு போட்ட முதல் கிறிஸ்துமஸ் மரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு. எனக்கு ஆச்சரியம் பல்பில் இல்லை. மரம் மோட்டாரில் சுற்றியது, நிமிடத்துக்கு ஆறு சுற்று. சுற்றச் சுற்ற, அடியில் இருந்த செம்புப் பட்டைகளின் வழியாகத் தொடர்பு விட்டு விட்டு வந்து, ஒரு நிறம் அணைந்து இன்னொரு நிறம் எரிந்தது. அதாவது, மரமே ரோலர்! மின்சார கிறிஸ்துமஸ் மரம் பிறந்த அன்றே புரோகிராமோடுதான் பிறந்திருக்கிறது. அதைப் பார்க்க வந்த பத்திரிகைக்காரர் டெட்ராய்ட் பத்திரிகையில் எழுதினார். அதனால் ஜான்சன் பெயர் நூற்று நாற்பது வருடம் கழித்தும் எனக்குத் தெரிகிறது. மேஸ்திரியைப் பற்றி யார் எழுதினார்கள்?

இனி நான் செய்த மரத்துக்கு வருவோம். இதில் ஒவ்வொரு எல்ஈடிக்கும் ஒரு குட்டி சிப். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டேட்டா வயர். கல்யாணப் பந்தியில் அடுக்காக இலையைக் கொடுத்து "நீங்க ஒண்ணு எடுத்துக்கிட்டு பக்கத்துல குடுங்க" என்போமே, அதே கதை. முதல் விளக்கு தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த விளக்குக்குத் தள்ளும். 500 விளக்குக்கு 12,000 பிட். வினாடிக்கு எட்டு லட்சம் பிட் வேகத்தில் ஒரு முழுக் காட்சி போய்ச் சேர 15 மில்லிசெகண்ட். கண் ஏமாறுவதற்குத் தாராளமாகப் போதும்.

மரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விளக்குச் சரத்தை மரத்தில் சுற்றிவிட்டால் 217-ஆவது விளக்கு எந்தக் கிளையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியாது. அது தெரியாமல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே ஏற்ற முடியாது. மேட் பார்க்கர் என்ற முன்னாள் கணக்கு வாத்தியார் 2020-ல் ஒரு வழி காட்டினார். ஒவ்வொரு விளக்காக எரியவிட்டு, பல பக்கத்திலிருந்து கேமராவில் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களைக் கண்டுபிடிப்பது. அவருடைய மரத்திலும் 500 விளக்கு. இதை மட்டும் நான் யூட்யூபில் பார்த்துத்தான் கற்றேன். ஆக, நான் சொன்னது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய்.

மேஸ்திரிக்கு இந்தச் சிக்கலே வராது. ஏனென்றால் அவர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முதலில் படம் வரைவார். பிறகு பல்பு வரும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லைன் நம்பர் எழுதுவார். நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, எந்த லைன் எந்த நேரம் எரியும் என்று பென்சிலால் நிரப்புவார். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தகடு வெட்டுவது. அந்த நோட்டை இன்று எந்த மென்பொருள் ஆளிடம் காட்டினாலும் "இது டைம்லைன்தானே" என்பான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நாம் பொட்டி தட்டுபவர்கள். 'கிரியேட்டிவ்' என்றும் 'இன்னோவேஷன்' என்றும் நமக்கு நாமே பட்டம் கொடுத்துக்கொள்கிறோம். எனக்கு இந்த மரத்துக்காகப் பாராட்டு மடல் வந்தது, கூடவே ஒரு பரிசு அட்டை. அதே யோசனையை, திரையும் கீபோர்டும் இல்லாமல், தப்பு வந்தால் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்து (நிஜ ஆணி!) செய்த மனிதருக்கு ஜாத்திரை முடிந்ததும் பேசிய கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் கிடைத்தது. "ரெண்டு பல்பு எரியலையே" என்று காரணம்.

அந்த இரண்டு பல்பு விஷயமும் சொல்கிறேன். ஆறு வோல்ட் பல்பை நாற்பது போல வரிசையாகச் சேர்த்து நேராக 230 வோல்ட்டில் கொடுப்பதுதான் சீரியல். ஒன்று ஃபியூஸ் ஆனால் நாற்பதும் அவுட். எது போனது என்று தேட ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எரியும்போது ஒரு பல்பில் இருப்பது வெறும் ஆறு வோல்ட். ஆனால் ஒன்று அறுந்துவிட்டால், அந்த அறுந்த இடத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் முழு 230-ம் வந்து நிற்கும். அதாவது, நீங்கள் தேடிப் போகிற அந்தப் பல்புதான் மொத்தப் போர்டிலேயே ஆபத்தான பல்பு. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெயினை அணைக்க விழாக் கமிட்டி விடாது. "அப்படியே பாத்து மாத்துப்பா" என்பார்கள்.

ஒரு ஜாத்திரை ராத்திரி என் கூட வேலை செய்த பையன் ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தான். ஷாக். உயிர் பிழைத்துவிட்டான். ஆனால் வலது கையில் இரண்டு விரல் கடைசி வரை மடங்கவில்லை. அன்றைக்கு ஏணியில் ஏற வேண்டியது நான். மேஸ்திரி என்னைப் பார்த்து, "நீ படிக்கிற பையன், நைனா, நீ ரோலரைப் பாத்துக்கோ" என்று சொல்லி அவனை ஏற்றினார். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. என் இரண்டு கையும் இன்றைக்குக் கீபோர்டில் முழுசாக இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். இதை எழுதும்போது எனக்கு வேறு பெருமை எதுவும் தோன்றவில்லை.

ஆகவே "பழசுதான் உசத்தி" என்று பாட வரவில்லை நான். 230 வோல்ட்டை விட ஐந்து வோல்ட் ஆயிரம் மடங்கு மேல். ரோலர் போனது நல்லதுதான். என் வருத்தம் வேறு.

இரண்டு வருடம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது திருப்பதியிலும் சித்தூரிலும் நிறைய லைட் போர்டு பார்த்தேன். எல்லாம் எல்ஈடி. பளபளப்பு. ஆனால் பிள்ளையார் பந்தலில் ஓடிய அதே அலை, அதே வானவில், அதே சுழல், துணிக்கடை வாசலிலும், கல்யாண மண்டபத்திலும். போட்டவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கார்டுலயே வருது சார். சொருகினா ஓடும். மாத்தறதுக்கெல்லாம் நமக்குத் தெரியாது" என்றார். வெளியூரில் எவரோ செய்து அடைத்த காட்சி. மேஸ்திரி தலைமுறையில் கஷ்டமும் அவருடையது, கற்பனையும் அவருடையது. இப்போது கஷ்டம் குறைந்திருக்கிறது, நல்லது. கற்பனையையும் சேர்த்து ஏன் கொடுத்துவிட்டோம்?

மேற்கு வங்கத்தில் சந்தன்நகர் என்று ஒரு ஊர். ஜகத்தாத்ரி பூஜைக்கு அவர்கள் போடும் ஓடும் விளக்குகள் நாடு முழுக்கப் பிரபலம். அங்கேயும் ரோலரில் ஆரம்பித்து எல்ஈடிக்கு வந்தவர்கள்தான். ஆனால் அங்கே அதை ஊரின் கலை என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்ரீதர் தாஸ் போன்ற விளக்குக் கலைஞர்களைப் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்தில் அது 'செட்டு வாடகை'. நாற்காலி, பாத்திரம், மைக் செட்டோடு பில்லில் ஒரு வரி.

"அதெல்லாம் புரோகிராமிங்கா? அடித்த ஆணி அடித்ததுதானே, மாற்ற முடியுமா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். ஒரு வகையில் நியாயம். ரோலரில் 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்ற கேள்வியே கிடையாது. ஆனால் என் மரத்திலும் கிடையாது சாமி! அதுவும் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைதான். கஷ்டம் நிரலில் இல்லை. எதை எரியவிட்டால் கண் எதை நம்பும் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அந்தப் பாதி வேலையை மேஸ்திரி முழுசாகச் செய்திருந்தார். நான் அதைப் பைத்தானில் பெயர்த்து எழுதினேன், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டியது இரண்டு.

ஒன்று, இந்தத் தொழிலில் இருக்கும் பையன்களுக்குத் தாங்களே காட்சி செய்யக் கற்றுக்கொடுப்பது. கன்ட்ரோலர் போர்டு இன்று சில நூறு ரூபாய்தான். டபிள்யூஎல்ஈடி, எக்ஸ்லைட்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். இல்லாதது தமிழிலும் தெலுங்கிலும் உட்கார்ந்து சொல்லித்தர ஆள். ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் லீவில் பத்து நாள் போதும். மூன்று லைன் பாடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நானே ஒரு வாரம் உட்காருவதாக இருக்கிறேன். இதைப் பொதுவில் எழுதி வைப்பது, பின்னால் நான் நழுவாமல் இருக்க.

இரண்டு, செலவே இல்லாதது. எங்கே கற்றோம் என்று கேட்டால் உண்மையைச் சொல்வது. அன்று நான் ஏன் சொல்லவில்லை? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் ஏணியில் நின்ற ஒருவரிடம் கற்றேன் என்று அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தில் சொல்லக் கூச்சம். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய் முழுக் கதையும் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டாள். ஒரு காகிதத்தில் மூன்று லைன் படம் போட்டுக் காட்டியதும், "இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது" என்றாள்.

அந்த வார இறுதியில் நைனாவிடம் (எங்கள் ஊரில் அப்பாவும் நைனா, பாசமாகக் கூப்பிடும் பையனும் நைனா) நம்பர் வாங்கி மேஸ்திரிக்கு வீடியோ கால் போட்டேன். எழுபது தாண்டிவிட்டது. திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆபீஸில் எடுத்திருந்த மரத்தின் வீடியோவைக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பா ஓடுதே நைனா."

"என்ன மேஸ்திரி?"

"சர்ச்சுக்குப் போடறப்ப நட்சத்திரத்துல இருந்து குடிலைப் பாத்து கீழ எறங்கற மாதிரிதானே போடுவோம்? அது வழி காட்டற நட்சத்திரம். நீ கீழ இருந்து மேல ஏத்தி விட்டிருக்கே. ரெண்டு லைனை மாத்திடு."

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக நிரலில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினேன்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு வீட்டில் பழைய சீரியல் செட்டை வெளியே எடுப்பவர்கள், பல்பைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. காரணம் மேலே இருக்கிறது.